பாட்டுக்குள் புதைத்த அப்பா

லோர்னா டாக்கெட்டின் அப்பா செத்தது ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில். எழுதியவள் அவளேதான். அவள் அந்த வரியை எழுதிய நாளில், ஓர்வில் டாக்கெட் ஐம்பது நிமிடத் தொலைவில், மர்ஃப்ரீஸ்போரோவில், யாருடைய புல்வெட்டும் இயந்திரத்தையோ கழற்றிப் போட்டுக்கொண்டு நல்ல உடம்போடு இருந்தார்.

கென்டக்கி மலையிலிருந்து நாஷ்வில்லுக்கு அவள் வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. வயது முப்பத்தேழு. பிராட்வே தெருவில் ஒரு மதுக்கடையில் காலை பத்திலிருந்து இரண்டு வரை பாடுவாள். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்காக, இளஞ்சிவப்புத் தொப்பி போட்ட கல்யாணப் பெண்களும் தோழிகளும் கூட்டமாக வந்து, உலகத்துக்கே தெரிந்த அதே ஆறு பாட்டுகளைக் கேட்பார்கள். சொந்தப் பாட்டை எடுத்தால் எல்லோருக்கும் கைப்பேசி ஞாபகம் வந்துவிடும். பாடி முடித்தபின் அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. காப்பி போடுவாள், குடிக்க மாட்டாள். நகரைச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் வண்டி ஓட்டுவாள். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் எரிச்சல் வரும்.

அந்தப் பாட்டை அவளோடு சேர்ந்து எழுதியவன் வெண்டல் ப்ரூயிட். ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன், ஐம்பது வயது, தன் மூன்று விவாகரத்தையும் மூன்று பாட்டாக்கியவன். முதல் இரண்டு சரணங்களும் நடந்த கதை. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா நிலக்கரி லாரியை எடுத்துக்கொண்டு போனது, அம்மா வாசல் விளக்கை அணைக்காமலே வைத்திருந்தது. மூன்றாவதில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். திரும்பி வராத மனுஷனைப் பாட்டில் என்ன செய்வது?

"கொன்னுடு," என்றான் வெண்டல்.

கொன்றாள். பைன் மரத்தடியில் ஒரு கல்லறை, கொண்டுவந்த பூவை வைக்காமலே திரும்பிப் போகும் மகள். அதுவரை தவழ்ந்துகொண்டிருந்த பாட்டு எழுந்து நின்றுவிட்டது. ஒரு சின்ன அரங்கில் லோர்னா அதைப் பாடியபோது யாரோ படம்பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி, ஷெல்பி மெரிவெதரின் காதுக்குப் போனது. வானொலியைத் திறந்தாலே கேட்கும் குரல் ஷெல்பியுடையது. அவள் இந்தப் பாட்டைப் பாட விரும்புவதாக அவளுடைய மேலாளர் டெனிஸ் கூப்பிட்டுச் சொன்னாள். பதினொரு வருஷமாகக் காத்திருந்த அழைப்பு. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன வீடியோ எடுக்கப்போகிறார்கள். லோர்னாவும் ஷெல்பியும் அப்பாவின் கல்லறை அருகே உட்கார்ந்து பேச வேண்டும். கல்லறை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"கென்டக்கியில, பைக்வில் பக்கம்," என்று லோர்னாவின் வாய் சொல்லிவிட்டது.

வெண்டலிடம் போய்ப் புலம்பினாள். அவனுக்கு இது ஒரு சிக்கலாகவே படவில்லை. "அந்த மலையில டாக்கெட் கல்லறைக்கா பஞ்சம்? பழசா ஒண்ணு பாத்து உக்காந்துக்கோ," என்றான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்கும் அப்போது தோன்றவில்லை. ஆனாலும் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை காலை, பாட வர முடியாது என்று கடைக்குச் சொல்லிவிட்டு, வண்டியைத் தெற்கே திருப்பினாள். அப்பாவின் முகவரி ஒரு சித்தப்பா மகன் மூலம் ஆறு வருஷமாக அவளிடம் இருந்தது. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

கொட்டகைக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மெலிந்திருந்தார். அவளை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"என்னைப் புதைச்சிட்டியாமே," என்றார். யாரோ வாடிக்கையாளர் கைப்பேசியில் போட்டுக் காட்டினாராம். "நல்ல பாட்டு கண்ணு."

வந்த காரணத்தை அவள் சொன்னாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். இங்கே தன்னை ஆர்வி என்றுதான் கூப்பிடுகிறார்கள், டாக்கெட் என்று யாருக்கும் தெரியாது, தன்னால் அவளுக்குத் தொந்தரவு வராது என்றார். "செத்தவனாவே இருந்துடறேன். உனக்கு அது உபயோகமா இருந்தா சரி."

அவர் மறுப்பார், கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தாள் லோர்னா. இதற்கு அவள் தயாராக இல்லை.

"செத்துப்போறது உங்களுக்கு சுலபம்ப்பா," என்றாள். "இருக்கறதுதான் உங்களுக்கு வரல."

அவர் யோசித்தார். "ஆமா. வரல."

வெளியே யாரோ இயந்திரத்தை இறக்க வந்தார்கள். அவர் போய் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாசல் வெளக்கு... அது நெசமா?" என்று கேட்டார்.

"நெசம்தான்."

"எத்தன நாளு?"

"பல்பு போற வரைக்கும். அப்புறம் புதுசு வாங்கி மாட்டினா."

ஓர்வில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தார். அவர் அழவில்லை. அவளும் தொடவில்லை. போகும்போது தன் எண்ணை ஒரு ரசீதின் பின்னால் எழுதி வைத்துவிட்டு, அவர் எண்ணையும் குறித்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை டெனிஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். டெனிஸ் தாழ்ந்த குரலில், "யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"அவருக்குத் தெரியும். பாட்டக் கேட்டாரு," என்றாள் லோர்னா.

ஷெல்பி இது நடந்த கதை என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மாற்றிச் சொல்ல அவள் விரும்பவில்லை. பாட்டு அவளுடைய ஆல்பத்தில் வரவில்லை. வெண்டல் மூன்று வாரம் லோர்னாவோடு பேசவில்லை. பாட்டில் பாதி அவனுடையது, அவனைக் கேட்காமலே அவள் வாய்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டாள். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளும் அதை மறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்றாம் முறை திறந்தான்.

சரணத்தை மாற்றினார்கள். இப்போது அப்பா உயிரோடு இருக்கிறார், ஐம்பது நிமிடத் தொலைவில். மகள் ஒவ்வொரு தடவையும் அவர் ஊருக்குப் பிரியும் சாலையைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

"கல்லறைன்னா அழுகை வந்துச்சு. இதுல வயித்தெரிச்சல்தான் வருது," என்று வெண்டல் முனகினான்.

"அதுதான்யா வேணும்," என்றாள்.

அவன் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஒரே பிற்பகலில் பதிவு செய்து, தாங்களே வெளியிட்டார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு சின்ன வானொலி நிலையங்கள் எடுத்துக்கொண்டன. ஒஹாயோவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், இதைக் கேட்டபின் தன் மகளைக் கூப்பிட்டதாகவும், அவள் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். லோர்னா அந்தக் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டாள்.

அக்டோபரில் அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. அந்தத் தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக உயர்ந்துகொண்டிருந்தன. பெட்டிகளைக் கட்டும்போது, யோசிக்க நேரம் கொடுக்காமல் அப்பாவைக் கூப்பிட்டாள். தன் பழைய சரக்கு வண்டியோடு வந்தார். நாலு பெட்டி தூக்கினார், மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தார், மறுபடி தூக்கினார். ரொம்பப் பேசவில்லை. புது வீட்டில் அடுப்பைப் பொருத்திக் கொடுத்தார். அவள் உள்ளே பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்து பார்த்தபோது வாசலில் வண்டி இல்லை. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் உச்சிமண்டைவரை ஏறியது. வசைமாரியாக ஒரு செய்தி தட்டச்சு செய்து, அழித்தாள். அடுத்த சனிக்கிழமை வர முடியுமா, அலமாரி ஒன்று சுவரில் மாட்ட வேண்டும் என்று மட்டும் அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "பாக்கறேன்."

அதை நம்பலாமா கூடாதா என்று புரியாமல், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே அவள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள்.