ஏழாவது நம்பர்

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த செல் நம்பர்கள் மூன்றுதான். என்னுடையது, இன்ஸ்பெக்டருடையது, என் மனைவியுடையது. அந்த மூன்றாவது நம்பர், நகைக்கடைத் திருட்டு வழக்கின் பட்டியலில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

குற்றப்பிரிவில் என் வேலை இதுதான். திருட்டு நடந்த நேரத்தில் அந்த இடத்துச் செல் டவரின் கீழ் இருந்த போன்களின் பட்டியலை, நீதிமன்ற உத்தரவோடு செல் கம்பெனியிடம் வாங்குவேன். சம்பந்தமில்லாதவற்றை அடித்துவிட்டு, சந்தேகத்துக்குரிய நம்பர்களுக்கு மட்டும் இரண்டாவது உத்தரவு கேட்பேன். அது கிடைத்தால் அந்த ஆள் ஒரு மாதம் எங்கெங்கே போனார் என்பது கட்டடம் கட்டடமாக வந்துவிடும். சொந்தக்காரர் நம்பர் கண்ணில் பட்டால் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி உண்டு. நான் கொடுக்கவில்லை.

திருட்டு நடந்தது செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. அப்போது அவள் ஊரின் மறுகோடியில், கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் கேட்டதற்குக்கூட "கடையிலதான்" என்றாள். நான் தினமும் கேட்பேன். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவன் இருக்கிறான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பல்வரிசை நன்றாக இருக்கிற தைரியம். அவன் அடித்த ஜோக்கை அவள் வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். என் ஜோக்கை அவள் எங்கேயும் சொன்னதாகத் தகவல் இல்லை. வயிறு எரிந்தது, வேறென்ன.

ஆறு நம்பர்களை எழுதிவிட்டு ஏழாவதாக அவளுடையதை எழுதினேன்.

மாஜிஸ்திரேட் அம்மா லேசில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

"இந்த ஏழாவது எதுக்கு?"

"நகைக்கடைப் பக்கம் ரெண்டு மூணு தடவை சுத்தியிருக்குங்க மேடம்."

"உறுதியா?"

"உறுதிதாங்க."

"ஒருத்தரோட ஒரு மாச வாழ்க்கையை வாங்கிட்டுப் போறீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

கையெழுத்து கிடைத்தது, அவள் நம்பரின் தகவலும் வந்தது. நான்கு செவ்வாய்க்கிழமைகள், நகைக்கடைக்கு அடுத்த தெருவில் ஒரே கட்டடம், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். போய்ப் பார்த்தேன். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் தையல் வகுப்பு, இரண்டாவதில் நாள் வாடகைக்கு அறைகள், மூன்றாவதில் ஏதேதோ ஆபீஸ்கள். எந்த மாடி என்று டவர் சொல்லாது. நானே இரண்டாவது மாடி என்று முடிவு செய்தேன். எதிர்ப்புறம் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பல்வரிசையே தெரிந்தது. ஏறிப்போய் விசாரிக்கப் பயம். விசாரித்து, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

திருடன் நான்காவது நம்பர்க்காரன். பிடித்தோம். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் நான் உப்பு சப்பில்லாத காரணங்களுக்கெல்லாம் அவளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். விசாரணை முடிந்ததும், இரண்டாவது உத்தரவில் இருந்த அத்தனை பேருக்கும் நீதிமன்றம் கடிதம் அனுப்பும். உங்கள் நடமாட்டம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பார்க்கப்பட்டது, காரணம் இது, கேட்டவர் இவர் என்று. பதினொரு வருடமாக அந்தக் கடிதங்கள் அடுத்தவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன.

சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அது சாப்பாட்டு மேசையில் பிரித்துக் கிடந்தது.

"இது உங்க பேருதானே?"

"ஆமா."

"நகைக்கடைப் பக்கம் சுத்தினேனா நான்?"

பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்தக் கட்டடத்துல உனக்கு என்ன வேலை? அவன்கூடவா?"

"எவன்?"

யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"மூணாவது மாடியில ஒரு வக்கீலம்மா இருக்காங்க" என்றாள். "தெனம் எங்க இருந்தேன்னு கேக்குறாரு, போனை எடுத்துப் பாக்குறாரு, மூச்சு முட்டுது, பிரிஞ்சுடறேன்னு அவங்ககிட்ட சொன்னேன். நாலு வாரமும் ஒரே பதில்தான் சொன்னாங்க."

"என்னன்னு?"

"வாய் வார்த்தை பத்தாதும்மா, எழுத்துல ஏதாவது ஆதாரம் வேணும்னு."

கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். தன் போனை எடுத்து, கடிதம் இருந்த இடத்தில், என் முன்னால் வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கேட்காமல் இருந்தேன்.