சுவரில் இல்லாத எழுத்து

'கைய வெட்டுவேன்' என்று எங்கள் மதிலில் கறுப்புப் பெயின்டால் எழுதிவிட்டுப் போனவன், மூன்றாம் நாள் சொன்னபடியே வெட்டினான். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பட்டப்பகலில், ஹெல்மெட்டோடு வந்தான். கத்தி என் இடது கையில் எலும்புவரை இறங்கியது. பதினேழு தையல். சாதி பார்த்து எங்கள் கல்யாணத்துக்கு வராத மூன்று மச்சான்மார் எனக்குப் புசல்லாவையில் இருக்கிறார்கள். பொலிஸில் என் மனைவி நிரோஷினி அழாமல் சொன்னாள்: "எங்க அண்ணன்மாரு அப்படிச் செய்ய மாட்டாங்க சேர். மதில்ல உள்ளது யாரு எழுத்துன்னே எனக்குத் தெரியாது." நான் நம்பினேன். நம்பாமல் எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

மதிலுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது சஞ்சிகை ஆசிரியர் அஸ்ஃபர் என்னைப் பார்க்க வந்தார். தலைப்புகளுக்கென்றே புது எழுத்துரு வரைந்து தர வேண்டுமென்று இரண்டு மாதமாக என் உயிரை வாங்கியவர். நான் வரைந்ததையெல்லாம் கல்யாணக் கார்ட் எழுத்து என்று தள்ளியவர். மதிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சுதேஷ், இதுதான். இதுல ஈக்கிற கோவம் ஒங்கட கம்ப்யூட்டர்ல எங்க ஈக்கிது?"

அவரை அறையலாம் போலிருந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார். வெட்டியவனை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவன் எழுத்தையாவது பிடுங்கிக்கொள்வோம் என்று எனக்கும் வெறி வந்தது.

மதிலில் இருந்ததோ ஐந்தாறு எழுத்து. மிச்சத்துக்கு அவன் கை எப்படி ஓடியிருக்கும் என்று ஊகித்து வரைய வேண்டும். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பத்து நாள் அந்த நாயாகவே இருந்தேன். அவன் தூரிகையை அழுத்திய இடங்களில் என் பல் தானாகக் கடித்தது. ழகரம் மட்டும் படியவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த நிரோஷினி பின்னால் நின்று பார்த்தாள்.

"வால இவ்வளவு நீட்ட மாட்டாரு. கீழ வந்ததும் சட்டுன்னு உள்ளுக்கு மடக்கிருவாரு."

பென்சிலை எடுத்து வரைந்தும் காட்டினாள். மற்ற எழுத்துகளோடு அது அச்சாகப் பொருந்தியது. மதிலில் ழகரமே இல்லை.

"எவரு?" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இளங்கோ அண்ணன்தாங்க எனக்கு எழுதப் பழக்குனாரு. அவரப் புடிச்சிக் குடுத்தா எங்கப்பா செத்துருவாரு."

என் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"விடுங்க, வலிக்குது."

கண்ணாடி வளையல் நொறுங்கித் தோலுக்குள் இறங்கியது. அவள் வரைந்த ழகரத்தின் மேல் இரத்தம் சொட்டியது. விட்டுவிட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கை இன்னும் இறுகியது.