கொடியில் ஒரு துண்டு

எழுந்தேன். பல் தேய்த்தேன். குளித்தேன். ஈரத் துண்டைப் பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினேன். டீ போட்டு நின்றபடியே குடித்தேன். மடிக்கணினியில் ஆய்வேட்டைத் திறந்து, கடைசி அத்தியாயத்தின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினேன்.

பல்கலைக்கழக மாணவர்களைப் படிக்க வைப்பது எது என்பதுதான் என் ஆய்வு. சிரிக்கலாம், என் மனைவியும் சிரித்திருக்கிறாள். நாளைக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து.

போன வருடம் ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பினாள். வழியில் லாரி. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார், "'படிப்ப முடிச்சிரு'ன்னுதான் கடைசியா சொல்லிட்டுப் போனா" என்று அழுதார். அன்று வீட்டில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். மாமியார் வேறு ஊரில் இருந்தார். அழுகிறவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

அந்த வாக்கியம் எங்கள் துறைக்குள் நுழைந்தது. பேராசிரியர் என்னைக் கண்டால் அதைச் சொல்லித் தொண்டையைச் செருமுவார். விடுதிப் பையன்கள் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். வகுப்புப் பக்கமே தலைகாட்டாத கூட்டம் நூலகத்தில் இடத்துக்கு அடித்துக்கொண்டது. எல்லாப் பாடத்திலும் பாக்கி வைத்து 'அரியர்' என்றே பேர் வாங்கிய ஜூனியர், அத்தனையையும் ஒரே மூச்சில் தேறினான். அசையாமல் கிடந்தது நான் மட்டும்தான்.

டம்ளரைக் கழுவும்போது அரியர் வந்தான். நான் எழுதி முடிக்காமல் நகரமாட்டானாம். நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி சொன்னாங்கன்னு நானே பாஸ் பண்ணிட்டேன். உங்களுக்கு என்னண்ணே?"

"அவ அப்படிச் சொல்லவே இல்லடா."

"அப்ப நான் சும்மாவா படிச்சேன்? வேற என்னதான் சொன்னாங்க?"

சொன்னேன். அவன் எழுந்து போய்ப் பால்கனியை எட்டிப் பார்த்தான். திரும்பி வரும்போது சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆய்வுக்கு இதவிட என்னண்ணே வேணும்? எழுதுங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாயிற்று. கடைசி அத்தியாயத்தைத் திறந்து முதல் வரியை அடித்தேன்.

ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்து அவள் சொன்னது இதுதான்:

"மறுபடியும் ஈரத் துண்டக் கட்டில் மேலயே போட்டிருக்க பாரு. உன்னத் திருத்தவே முடியாதுப்பா."