எவ்வளவு தூரம்

நித்யஸ்ரீ ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிர் பெஞ்சில் ஆஸ்பத்திரி அங்கியோடு உட்கார்ந்திருந்தது அவளுடைய அண்ணி அஸ்வினி.

மூன்று வருடங்களாக வாரம் ஒருமுறை நித்யஸ்ரீ இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குக் கிடைக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று அவள் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது.

"அண்ணி" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் சைனிக்புரியில் அண்ணன் பத்ரி வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அண்ணி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தது இப்போது ஞாபகம் வந்தது.

"முடிஞ்சிருச்சு. ரெண்டு மணி நேரம் உக்காரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அஸ்வினி. "எட்டு வாரம். உங்க அண்ணனுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

"ஏன் அண்ணி?"

"நீதான சொன்ன."

இரண்டு வருடங்களுக்கு முன் கர்ப்பத்தின் இருபத்தேழாவது வாரத்தில் அஸ்வினிக்கு ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தது. அவசரமாக எடுத்த குழந்தை நாலு நாள்தான் உயிரோடு இருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று அழுதவளுக்கு, சாப்பாட்டு மேஜையில் படம் போட்டு விளக்கியவள் இவள்தான். நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போய்த் தாயின் ரத்தக் குழாய்களை அகலமாக்க வேண்டும். சில புரதங்கள் அவற்றைப் போ என்று தள்ளும், சில போதும் என்று பிடித்து நிறுத்தும். பிடி தளர்ந்தால் சுவரையே தாண்டிப் போய்விடும். பிடி இறுகினால் பாதியிலேயே நின்றுவிடும், உனக்கு நின்றுவிட்டது அண்ணி. எல்லாம் ஆரம்ப வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அத்தனையும் சொன்னாள். மறுபடியும் அப்படியே ஆகவேண்டும் என்றில்லை, மாத்திரை இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது என்பதைச் சொன்னாளா? எவ்வளவு யோசித்தும் சொன்னதாக நினைவில்லை.

"இந்தத் தடவையும் பாதியில நின்னா? திரும்ப ஒரு நாலு நாளை என்னால பாக்க முடியாது, நித்யா."

கதவு திறந்தது. நர்ஸ் ஸ்ரீஜா திசு இருந்த மூடிய குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஈ ரோஜு ஒக்கட்டே மேடம்" என்றாள் தெலுங்கில். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். நித்யஸ்ரீயின் கை எழவில்லை. ஸ்ரீஜாவே குனிந்து அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

"சம்மதப் பேப்பர்ல உங்க இன்ஸ்டிட்யூட் பேரு இருந்துச்சு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் அஸ்வினி. "பாத்துச் சொல்லு. இது ஒழுங்கா உள்ள போயிருக்குமான்னு."

"லேப் தட்டுல, ஜெல்லுக்குள்ள போறத வச்சு உடம்புலயும் போயிருக்கும்னு சொல்ல முடியாது அண்ணி."

"சொல்ல முடிஞ்சதச் சொல்லு."

ஆய்வுக்கூடத்தில் குழாயைச் சக ஆய்வாளன் கிருஷ்ணாவிடம் கொடுத்து, "இத நீயே பண்ணு, நான் தொடல" என்றாள். அவன் காரணம் கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் அஸ்வினியின் ஃபோன் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று நித்யஸ்ரீ கேட்டாள், மாத்திரை சாப்பிடச் சொன்னாள். பத்ரி கூப்பிட்டபோது மட்டும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கிருஷ்ணா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே கூப்பிட்டான். "நித்யா, இங்க வந்து பாரேன். இதுக்கு நாம எந்தப் புரதத்தையும் சேக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. சும்மா விட்டது."

போகக்கூடாது என்று நினைத்தபடியே போனாள். குனிந்தாள்.

திசுவின் நுனியிலிருந்து செல்கள் புறப்பட்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, விரல்களைப்போல நீண்டு, எங்கும் பாதியில் நிற்காமல் ஜெல்லுக்குள் வெகுதூரம் போயிருந்தன. அவள் தட்டை நகர்த்தினாள். அங்கும் இருந்தன. இன்னும் நகர்த்தினாள்.