கவிழ்த்த கல்

நிக்கோசியா நகரம் துருக்கியரிடம் விழுந்து ஒரு குளிர்காலம் போயிருந்தது. பெரிய கிறித்தவக் கோயிலில் சிலைகளை இறக்கிவிட்டு, சுவர்ச் சித்திரங்களின் மேல் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். அது பள்ளிவாசலாக மாற இனித் தரை ஒன்றுதான் பாக்கி. உருவம் செதுக்கிய கல்லறைப் பலகைகளை நெம்பியெடுத்து, புதிய குளியல் மண்டபத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வடக்குத் தூணடியில் ஒரு பலகையின் மேல் ஜானெட்டா உட்கார்ந்திருந்தாள். அதன் அடியில் அவளுடைய மகள் பியோரென்சா.

"எந்திரிங்கக்கா," என்றான் கொத்தன் தூமாசு. "நேத்து வரைக்கும் உங்க லத்தீன் சபைக்காரங்க எங்களைக் கிரேக்கப் பசங்கன்னு இந்த வாசலண்டையே விடலை. இன்னிக்கு எங்க கிரேக்கக் கோயிலுக்கு மாறிட்டு, என் வேலையையும் கெடுக்கிறீங்களே."

"திட்டுறதெல்லாம் திட்டிக்கோ. கல்லைத் தொடாதே."

மேற்பார்வை பார்த்த துருக்கிய அதிகாரி பெஹ்ராம் ஆகா வந்தார். கிரேக்கத் தீவொன்றில் வளர்ந்தவர்; அவளிடம் கிரேக்க மொழியிலேயே பேசினார்.

"ஏம்மா, எலும்பை யாரும் தோண்டப் போறதில்லை. கல்லு மட்டும்தான் போகுது."

"குளிக்கிறவன் அழுக்குத் தண்ணி என் பொண்ணு முகத்துல ஓடணுமா, ஆகா?"

"முகம் இருக்கே, அதான் தொல்லை. உருவத்துக்கு முன்னால நாங்க நெற்றி வைக்க முடியாது."

"முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதானே? கவிழ்த்துப் போடுங்க."

பெஹ்ராம் தாடியைச் சொறிந்துகொண்டு தூமாசைப் பார்த்தார்.

"பின்பக்கம் கரடுமுரடா இருக்கும் ஆகா," என்றான் அவன். "செதுக்கணும், குழியை ஆழப்படுத்தணும். இழுத்துட்டுப் போறது சுளுவு."

"செதுக்கு. குழியை நான் தோண்டுறேன்," என்றாள் ஜானெட்டா.

"நீங்களா?" என்றான் தூமாசு. "பட்டுக் கையுறை போட்டுட்டுப் பூசைக்கு வந்தவங்க."

"கையுறையை உங்க படைக்காரங்க கொண்டுபோயிட்டாங்க, ஆகா. கை இருக்கு."

பெஹ்ராமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "யோசிச்சுக்கோம்மா. பேரும் அடியில போயிடும். மேல விரிப்பு விழும். நீ உள்ள வந்து அழவும் முடியாது."

ஜானெட்டா பலகையில் செதுக்கியிருந்த சிறுமியின் கூப்பிய கைகளைத் தடவிப் பார்த்தாள். தொழ வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுத்தான் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"பேரை நான் வச்சுக்கிறேன். கல்லு அவளை மூடியிருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னாடி முடியணும். கல்லு ஆடுச்சுன்னா எடுத்துடுவேன்."

பலகையை நகர்த்தியதும் குழியை அவளே தோண்டி ஆழப்படுத்தினாள். அதைப் புரட்ட நெம்புகோலைப் பிடித்த ஆட்களோடு அவளும் தோள் கொடுத்தாள். பலகை புரண்டபோது மகளின் முகம் ஒரு கணம் அவளுக்கு நேராக நின்றது. பிறகு மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்தது. தூமாசு சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். பெஹ்ராம் பார்க்காதவர்போல் வேறு பக்கம் திரும்பினார்.

பிறகு தூமாசு முதுகுப்பக்கத்தைச் செதுக்கினான். ஜானெட்டா பலகையைச் சுற்றியிருந்த இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவையை விரலால் திணித்துக்கொண்டே வந்தாள்.

"போதும்க்கா. விரல் வெந்துடும். மீதியை நான் பூசிடுறேன்."

"அந்த மூலை இன்னும் ஆடுது," என்றாள் ஜானெட்டா. "கலவையை இப்படித் தள்ளு."