வீட்டு விஷயம் என்றொரு கோப்பு

1.

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். நேற்று ஞாயிறு மதியம், கல்கத்தா டாக்குரியாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்ததை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆரம்ப வரி மூன்று எழுதிப் பார்த்தேன்.

'டாக்குரியாவில் மழை பிடித்துக்கொண்டபோது' [விட்டுவிட்டேன். ஜனவரியில் ஏது மழை? கல்கத்தா என்றாலே எழுதுகிறவர்களுக்குக் கை தானாக மழைக்குப் போகிறது.]

'ஒன்றையொன்று பார்க்க மறுத்த இரண்டு கணினிகளின் கதை இது, அதாவது இரண்டு மனிதர்களின்' [இதையும் விட்டேன். இங்கேயே எல்லாம் புரிந்துவிட்டால் நீங்கள் மேலே படிப்பானேன்? தவிர அது பொய். அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.]

"மது, தூங்கறியா?"

இதுதான் நின்றது. போனில் மாதங்கி மாமி. நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். குளிர்கால ஞாயிறு மதியம் இந்த ஊரில் தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும். ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியிலேயே காலை நீட்டிவிடுவார். மொட்டை மாடிகளில் ஆரஞ்சுத் தோல் காய்ந்து, அதன் வாசனை கனவுக்குள் வரும். திருநெல்வேலியை விட்டு வந்த நான்கு வருடத்தில் இந்த ஊர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை அந்தத் தூக்கம்.

"இல்ல மாமி, சொல்லுங்க."

"ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணை ஒண்ணு பாக்க மாட்டேங்கறதுடி. அஞ்சு மணிக்குள்ள சரியாகணும். கொஞ்சம் மேல வாயேன்."

வாரத்தில் ஆறு நாள் செக்டார் ஃபைவ் கம்ப்யூட்டர் கம்பெனியில் இதே வேலை. ஏழாம் நாளும் அதுவே என்றால் தலையெழுத்து. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு படியேறினேன்.

2.

மாதங்கி மாமி உள் அறையில் மடிக்கணினி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிறவள். அவள் கணவர் வெங்கட்ராமன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முன் அறையில் ஜன்னலோரம் பழைய மேசைக் கணினி ஒன்று வைத்திருக்கிறார். இரண்டரை வருடத்துக்கு முன் புற்றுநோய் என்று அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியே மூச்சு. பேச்சு போய்விட்டது.

முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டினார். போனில் தட்டினால் தடித்த விரல் இரண்டு எழுத்தைச் சேர்த்து அமுக்கியது, கோபம் வந்தது. பிறகுதான் இந்த ஏற்பாடு. அவர் கணினியில் ஒரு கோப்பு, பெயர் 'வீட்டு விஷயம்'. அதை மாமி தன் அறையிலிருந்தே வீட்டு வலை வழியாகத் திறக்கலாம். அவர் ஒன்று எழுதுவார், கீழே அவள் ஒன்று எழுதுவாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருந்தால், பிந்திச் சேமிக்கிறவர் எழுத்து முந்திச் சேமித்தவர் எழுத்தை அழித்துவிடும். இப்படி நாலைந்து சண்டைகள் காணாமல் போன பிறகு ஒரு வழக்கம் வந்தது. எழுதி, சேமித்து, மூடிவிட்டு மாமா எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவார்.* அதன் பிறகுதான் மாமி திறப்பாள்.

(* கண்ணாடி டம்ளரில் தட்டி ஒன்று உடைந்ததாம். ஆகவே எவர்சில்வர்.)

அதில் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று மாமியே ஒருநாள் மாடிப்படியில் நின்று சொல்லியிருக்கிறாள். "குரல் இருந்தப்போ ஆபீஸ் தவிர வாயைத் தொறக்க மாட்டார். இப்போ பாரு, ஏரிக்கரையில நடந்துட்டு வந்து பக்கம் பக்கமா எழுதறார். கல்யாணமான புதுசுல நான் அங்க வழுக்கி விழுந்தேனாம். சிரிச்சுட்டோமேன்னு இன்னிவரை வருத்தமாம்." இதைச் சொல்லும்போது மாமியின் முகம் சிவந்துவிட்டது. அறுபது வயதில்! எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்லிக்கொள்கிறேன்.

3.

ஐந்து மணிக் கெடு எதற்கு? ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்: சின்ன ஆபரேஷன், தொண்டையில் ஒரு வால்வு வைத்தால் மறுபடி பேசலாம், கரகரப்பாக. திங்கட்கிழமை ஒரு இடம் காலியாக இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிறு ஐந்துக்குள் சொல்லுங்கள். சனி மதியம் மாமி கோப்பில் கேட்டாள்: 'பண்ணிக்கறேளா?' ஞாயிறு காலை டம்ளர் தட்டியது. மாமி ஓடிப்போய்த் திறந்தால் வலையில் அவர் கணினியையே காணோம்.

"முன் ரூமுக்குப் போயி அவர் ஸ்க்ரீன்லயே பாத்துட்டா என்ன மாமி?" என்றேன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"அவர் மெஷின்ல நான் உக்கார மாட்டேன். அது அவர் வாய்க்குள்ள கையை விட்டுத் துழாவற மாதிரி."

"அவருகிட்ட நேரா கேக்கலாமே?"

மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவளுக்கு அந்தக் குரல் வேண்டும். எப்படியாவது வேண்டும். பழைய கேசட் ஒன்றில் யாருடைய கல்யாணத்திலோ அவர் "மோர் எங்கே?" என்று கேட்கிறார், அந்த இரண்டு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நேரில் கேட்டால் தன் முகம் அவரைக் கட்டாயப்படுத்திவிடுமோ என்று பயந்தாள்.

வேலையைப் பார்த்தேன். இரண்டிலும் இணையம் வந்தது. உள் அறையிலிருந்து அவர் கணினியைக் கூப்பிட்டால் பதிலில்லை. முன் அறைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டால் மாமியின் மடிக்கணினி உடனே பதில் சொன்னது. அவருக்கு அவள் தெரிகிறாள், அவளுக்கு அவர் தெரியவில்லை. பாதித் தூக்கத்தில் அந்த இரண்டு அறைக்கும் நடுவே நான் போய்ப் போய் வந்தேன். மஞ்சள் வெயில் தரையில் ஓரடி நகர்ந்திருந்தது. பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் என் உடம்புக்குள்ளேயே ஓடுவதுபோல் இருந்தது.

மாமா நாலு மணி வெயிலிலேயே குரங்குக் குல்லா போட்டு உட்கார்ந்திருந்தார். அரை வங்காளி ஆகிவிட்டவர். காரணம் அவரிடம்தான் கிடைத்தது. சனி மாலை இன்டர்நெட்காரர் புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். புது வலை வந்ததும் கணினி ஒரு கேள்வி கேட்கும்: இந்த வலையில் உள்ள மற்ற கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியலாமா?

"நீங்க என்ன மாமா அமுக்கினீங்க?"

அவர் விசைப்பலகையை இழுத்துத் தட்டினார். 'நோ. யாரென்று தெரியாமல் எவன் அனுமதி கேட்டாலும் நோ. முப்பத்துநாலு வருஷப் பழக்கம்.'

வங்கிக்காரர்!

4.

[இந்தப் பகுதி கதையில் வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் விட்டுவைக்கிறேன்.]

மாமாவை நான் முழுக்க நம்பவில்லை. சனி மதியமே மாமியின் கேள்வியைப் படித்துவிட்டவர், மாலையில் 'நோ' அமுக்குகிறார். கைப்பழக்கமா, வேண்டுமென்றேவா? வேண்டுமென்றே என்று வைத்தால் கதைக்கு நல்லது, ஒரு திருப்பம் கிடைக்கும். அப்படி ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, விரல் நடுங்க

இல்லை. அவர் விரல் நடுங்கவில்லை. அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ போட எழுந்து போனார்.

5.

அந்த 'நோ'வை 'சரி' ஆக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆக்கியதும் நான் கிளம்பியிருக்க வேண்டும். கோப்பு நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'வீட்டு விஷயம்' திறந்தேன். கதை எழுதுகிறவளுக்கு அந்தப் புத்திதானே வரும்! கடைசியில் இருந்தது:

'வேண்டாம் மாதங்கி. குரல் இருந்த இருபத்தொன்பது வருஷமும் உன்னிடம் பாலும் பில்லும்தான் பேசினேன். அது போன பிறகுதான் பேசவே ஆரம்பித்தேன். திரும்பி வந்தால் மறுபடி பழைய ஆளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.'

இரண்டு முறை படித்தேன்.

அவர் டீயோடு வந்து நின்றார். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார். அதே சமயம் மாமியும் வந்துவிட்டாள். திரை எங்கள் பக்கம், அவளுக்குத் தெரியாது. பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மெஷின் கிடக்கட்டும். மணி நாலே முக்கால். என்னால முடியலை. என்னைப் பாத்து சொல்லுங்கோ, பண்ணிக்கலாமா?"

அவர் அவளைப் பார்த்தார். ஒரு ரயில் வந்து நின்று போகிற நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்தார். ஆம்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே போன் பண்ண உள்ளே ஓடினாள். அவர் என் பக்கம் திரும்பினார். திரையைக் காட்டினார். உள்ளங்கையால் காற்றில் ஒரு துடைப்புத் துடைத்தார்.

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) அழித்துவிட்டேன். அவருக்குக் குரல் வருகிறது, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். [தொலைக்காட்சித் தொடர்.]

(ஆ) அழிக்கவில்லை. மாமி படிக்கிறாள், போனை எடுத்து வேண்டாம் என்கிறாள். [நியாயமான முடிவு. ஆனால் அவர் தலையசைத்ததற்கு மதிப்பு என்ன?]

(இ) நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமி உள்ளே சனிக்கிழமை திறந்து வைத்திருந்த பழைய பிரதியில் ஏதோ எழுதிச் சேமித்து, தனக்கே தெரியாமல் அதை அழித்துவிடுகிறாள். [யார் மேலும் பழி இல்லாத முடிவு. எழுத்தாளர் சோம்பேறி என்று அர்த்தம்.]

நடந்தது இது. அழித்தேன், சேமித்தேன், மூடினேன். உள்ளேயிருந்து மாமி, "மது, அவர் மெஷின் வந்துடுத்துடி" என்றாள். பிறகு, "ஒண்ணுமே எழுதலையே. காலம்பர டம்ளர் தட்டினாரே?" என்றாள்.

"சேவ் ஆகல போல மாமி."

7.

இன்று திங்கள். பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் இதை எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டேன். மாமா உள்ளே போய் நாற்பது நிமிடம் ஆகிறது. பக்கத்தில் மாமி, விடிந்ததும் காளிகாட் கோவிலுக்குப் போய் வந்த குங்குமம் நெற்றியில். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்னடி டொக்கு டொக்குன்னு?"

"கதை மாமி."

"எங்களைப் பத்தியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"எத்தனை வருஷமா கணக்கு சொல்லித்தரேன். பொய் சொல்ற குழந்தை மூஞ்சி எனக்குத் தெரியாதா?" மாமி சத்தமாகப் பேசவில்லை. "நேத்திக்கு அவர் எழுதியிருந்தார். நீ பாத்தே."

நான் தரையைப் பார்த்தேன்.

"வேண்டாம்னு எழுதியிருந்தாரா? உள்ளுக்குள்ள தெரிஞ்சுண்டேதான் நான் சரின்னு போன் பண்ணிட்டேனான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். இதுல இருக்கா அது?"

இருக்கிறது. ஐந்தாம் பகுதியில், ஒரு சொல் மாறாமல் இருக்கிறது. கோப்பிலிருந்து அழித்ததை இங்கே அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் அவளுக்கு எழுதியதிலேயே நல்ல வரிகள் அவை. படித்தால் அவளுக்குக் கிடைக்கும். அவர் விரும்பாததை அவளுக்காகச் செய்துகொண்டார் என்பதும் அதோடு சேர்ந்து கிடைக்கும். ஆபரேஷன் தியேட்டர் கதவு இன்னும் திறக்கவில்லை.

அழிக்க மூன்று நொடி போதும். நேற்று அவர் கேட்டார், செய்தேன். இன்று கேட்கிறவள் இவள். எனக்குக் கை ஓடவில்லை, ஆகவே உங்களிடம் விடுகிறேன். மாமி கையை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். கொடுக்கவா?