பதினான்கு இரவுகளுக்கான செய்முறை

தண்ணீர் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் செய்முறைத் தாள் எழுதுவதுதான் அவளுக்கு வேலை. மீட்டரை எந்தப் பக்கமாகப் பொருத்த வேண்டும், குழாயை எத்தனை சுற்று திறக்க வேண்டும், முள் எந்தக் கோட்டில் நின்றால் மீட்டர் தேறியதாகக் கொள்ளலாம் என்பதையெல்லாம் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரிகிறபடி வரிசையாக எழுதுவாள். பத்தொன்பது வருடத்தில் அவள் தாளில் ஒரு படி விட்டுப்போயிற்று என்று யாரும் சொன்னதில்லை. 'தேவையான அளவு', 'லேசாக', 'சற்று நேரம்' போன்ற சொற்கள் அவளுக்கு ஆகவே ஆகாது. அளவு தெரியாதவர்தான் தாளைப் படிக்கிறார், அவரிடமே போய் அளவைக் கேட்டால் எப்படி என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு எழுதிய பதினான்கு தாள்களில்தான் ஒரு படி விட்டுப்போனது.

விஷயம் மேலாளரின் அறையில் தொடங்கியது. மேலாளர் அவளுக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவள். இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இவளை 'அக்கா' என்று கூப்பிடும் பழக்கத்தை மட்டும் பதவியோடு சேர்த்து மாற்றிக்கொள்ளவில்லை.

"அக்கா, புது ஆலையில சோதனைக்கூடம் ஆரம்பிக்கிறாங்க. ஆறு மாசம். நீங்க போய் எல்லாத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்துட்டு வரணும். வந்ததும் தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான்."

"வீட்ல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா. ராத்திரிச் சாப்பாடு." மேலாளர் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்தியது. "வெளியூர் போகச் சொல்லி மூணாவது தடவையா கேக்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் சத்தியமா கேக்கமாட்டேன். பின்னாடி நாலு பேர் வரிசையில நிக்கறாங்க."

முதல் தடவை அவள் மறுத்தபோது மகள் சின்னவள். இரண்டாம் தடவை மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இப்போது மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியாரின் முழங்கால் இரண்டு மாடி ஏறி இறங்குகிறது. மிச்சம் இருந்தது ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "பாவம் அக்கா. குடும்பம் மட்டும் இல்லன்னா இந்நேரம் எங்கேயோ போயிருப்பாங்க." அந்த 'எங்கேயோ' அவளுக்கு மிகவும் பிடித்த இடம். யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பதால் அங்கே அவளுக்கு எந்தத் தோல்வியும் நேர்ந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மறுப்பு வரும் என்று ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"போயிட்டு வாயேன்" என்றான் கணவன், காலுறையைக் கழற்றிக்கொண்டே. ஏதோ முனைக்கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க? வெந்நீர் வைக்கவே எந்த அடுப்புன்னு கேக்கற ஆளு நீங்க."

"எழுதிக் குடுத்துட்டுப் போ. சீட்டுல எழுதியிருந்தா நான் எதையும் சரியா எடுத்துக் குடுத்துருவேன்."

அவன் மருந்துக்கடையில் இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவன். சீட்டில் உள்ளதை விட மாட்டான், இல்லாததைச் சேர்க்க மாட்டான். மனைவியிடம் அன்பைக்கூட வேளைக்கு ஒன்று என்ற கணக்கில் தருகிறவன் என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

நாற்காலியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நான் ஒருத்தி இங்க பொம்மையாட்டம் இருக்கேனா? முட்டிதான் போச்சு, கை இருக்கு. வெங்காயம் நறுக்கிக் குடுக்க மாட்டேனா?"

"உங்களுக்கு எதுக்குங்க அத்தை சிரமம்."

"நீ போறதுக்கு எனக்கு என்ன சிரமம்?"

அத்தையின் பேச்சில் எது பாசம், எது குத்தல் என்று பிரித்தெடுக்க அவளுக்கு இன்னும் கைவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியை முழுவதும் இறக்கித் தரையில் பரப்பினாள். அரிசி, இரண்டு வகைப் பருப்பு, நூடுல்ஸ், ஓட்ஸ், ரொட்டி, தக்காளி டின் ஆறு, கொண்டைக்கடலை டின் நாலு, மீன் டின் ஐந்து, பால்பவுடர், மிளகு, காய்ந்த மிளகாய், கூடையில் முட்டை, வெங்காயம், பூண்டு. கடைக்குப் போகாமல், இரண்டு பாத்திரத்துக்கு மேல் அழுக்காக்காமல், இருபது நிமிடத்துக்குள் முடிகிற பதினான்கு இரவுச் சாப்பாடுகள் இதற்குள்ளேயே இருந்தன. இத்தனை வருடமும் 'நான் இல்லாவிட்டால் அவ்வளவுதான்' என்று அவள் சொல்லிவந்த பெரிய காரியம், தரையில் பரப்பிப் பார்த்தால் நாலு டின்னும் இரண்டு வெங்காயமுமாக இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எதன்மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டாள். தாளுக்கு ஒரு சாப்பாடு, படிக்கு ஒரு எண். வெங்காயம் எத்தனை, துண்டின் அகலம் எவ்வளவு, தீ எந்த எண்ணில், கிளற வேண்டியது எத்தனை முறை. முட்டையை உடைக்கும்போது ஓடு உள்ளே விழுந்தால் எடுப்பது எப்படி என்பதற்கே மூன்று படிகள். கடைசித் தாள் முடிந்தால் மறுபடி முதல் தாள் என்று சுற்றிவர, பதினான்கையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வளையத்தில் கோர்த்தாள்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தாள் எழுதினால் அதை எழுதியவரே நின்று பார்க்க வேண்டும். தாளை முன்பின் பார்க்காத ஒருவர் அதைப் படித்து வேலை செய்வார். எழுதியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. இதற்குக் கைகட்டிச் சோதனை என்று பெயர். வீட்டிலும் திங்கள் முதல் வியாழன் வரை அதை நடத்துவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை முதல் தாள். பருப்பும் தக்காளியும் போட்ட சூப், பக்கத்தில் ரொட்டி. கணவன் கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்து தாளை உறையிலிருந்து உருவிச் சுவரில் ஒட்டினான். ஒவ்வொரு படியையும் சத்தமாகப் படித்தான், செய்தான், பென்சிலால் கோடு போட்டான். அத்தை உட்கார்ந்த இடத்திலேயே வெங்காயத்தை நறுக்கினாள். அகலத்தை அளக்க அவன் ஒரு ஸ்கேலைக் கொண்டுவந்தபோது, "அதை வச்சே உன் முதுகுல போடுவேன்" என்றாள். சமையலறை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மேசைக்குச் சூப் வந்தது.

முதல் கரண்டியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உப்பு இல்லை. பேருக்குக்கூட இல்லை.

மறந்துவிட்டான் என்று முதலில் நினைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகிறமாதிரி எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். பன்னிரண்டு படி, பன்னிரண்டு பென்சில் கோடு. உப்பு என்ற சொல்லே இல்லை. வளையத்தில் கிடந்த மற்றத் தாள்களைப் புரட்டினாள். பதினான்கிலும் இல்லை.

முதலில் அவமானமாக இருந்தது. அடுத்து வந்ததைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. உள்ளுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. இதோ, இப்போது அத்தை முகத்தைச் சுளிப்பாள். அவன் கரண்டியைக் கீழே வைப்பான். 'நீ இல்லாம சரிப்படாது' என்பார்கள். வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைச் சொல்லலாம்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் அத்தை.

"பரவால்ல, எனக்கும் சமையல் வருது" என்றான் கணவன்.

அவள் வாய் திறக்கக் கூடாது. அதுதான் சோதனையின் விதி. சப்பென்ற சூப்பை அவளும் குடித்து முடித்தாள்.

அன்று படுத்தபிறகு தன்னையே கூண்டில் ஏற்றிக் கேட்டுப்பார்த்தாள். வேண்டுமென்று விட்டாயா? இல்லை. தெரியாமல் விட்டாயா? பதினான்கு தடவையா? ஒரு மீட்டரின் திருகாணிக்குக்கூட இரண்டு வரி எழுதுகிறவள் நீ. விடிந்ததும் தாளைத் திருத்திவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள். விடிந்தது. சோதனை நடுவில் தாளைத் திருத்தக் கூடாது என்ற விதியும் நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மீன் டின்னும் சோறும். சோறும் சரி, தாளில் சொன்னபடி டின் நீரைக் கொட்டி அலசிய மீனும் சரி, சப்பென்று இருந்தன. "ம்" என்று சாப்பிட்டார்கள். புதன்கிழமை கொண்டைக்கடலை. அத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமைதான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. காப்பியில் சர்க்கரை அரைச் சிட்டிகை கூடினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி சொல்கிற அத்தை இது. இவர்களுக்கு உப்பு இருக்கிறதும் இல்லாததும் ஒன்றுதான் என்றால், இத்தனை வருடமாகத் தொழிற்சாலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்து அவள் போட்ட சாப்பாட்டை யார்தான் ருசித்தார்கள்? அவள் எதை விட்டுப் போக முடியாது என்று நினைத்திருந்தாளோ, அது இவர்கள் தட்டில் இருந்ததே இல்லையா? சாப்பாடு கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளுக்கு, கெட்டதுகூடத் தெரியவில்லையே என்பதுதான் பெரிய அடியாக இருந்தது.

வியாழக்கிழமை நூடுல்ஸ். பாதிச் சாப்பாட்டில் அத்தையின் கண்ணாடிக்கூடு மடியிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக்கொடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். கூடு வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி இல்லை. அது அத்தையின் மூக்கின்மேல் இருந்தது. கூட்டுக்குள் ஒரு சின்னப் பொட்டலம், தரையெல்லாம் வெள்ளை மணல். தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அத்தை?"

அத்தை மகனைப் பார்த்தாள். "அன்னிக்கு நீ தண்ணி எடுக்கப் போனப்பவே இவன்தான் சொல்லக் கூடாதுன்னான்."

"நான் மூடிட்டு சாப்பிடுன்னுதான் சொன்னேன். பொட்டலம் கட்டச் சொன்னேனா?"

"உன்னாட்டம் மண்ணைத் திங்க என்னால முடியாதுப்பா. எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கு."

கைகட்டிச் சோதனையின் விதி அத்தோடு முறிந்தது. "உப்பு இல்லன்னு மொதல் நாளே தெரியுமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"தெரியாமயா? சூப்பா அது, வெந்நீர்."

"அப்புறம் ஏன் போடல?"

"சீட்டுல இல்லாததை நான் எப்படிப் போடுவேன்?"

"சந்தேகம்னா எழுதினவங்களைக் கேக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க, டாக்டருக்கே ஃபோன் போடுவேன்னு?"

அவன் நூடுல்ஸைக் கிளறினான். "கேட்டா என்ன ஆகும்? 'பாத்தீங்களா, உப்புப் போடக்கூட நான்தான் வேணும்'னு பெட்டியை மறுபடி பரண்ல போட்டுருவே. மூணாவது தடவை. அதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நாலு நாளா உப்பில்லாமயே சாப்பிட்டீங்களா?"

"கடையில வயித்துப்போக்குக்குக் குடுக்கற உப்புச் சர்க்கரைப் பொடி இருக்குல்ல, அதை ஒரு பாக்கெட் கரைச்சுக் குடிச்சிட்டுதான் தினம் வீட்டுக்கு வரேன்."

அத்தை முதலில் சிரித்தாள். அவன் அடக்கப்பார்த்து முடியாமல் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவளை அனுப்புவதற்காக இரண்டு பேர் நாலு நாள் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அது அவள் மேலிருந்த பிரியமா, ஆறு மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்ற ஆசையா? கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் ஏன் உப்பை விட்டாள் என்று அவர்களும் கேட்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று இருந்துவிட்டாள்.

வளையத்தைக் கழற்றித் தாள்களை எடுத்தாள். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அளவு ஓடவில்லை. இத்தனை வருடமும் உப்பை அவள் அளந்து போட்டதே இல்லை. கை போட்டது, அவ்வளவுதான்.

"எவ்வளவுன்னு எழுது" என்றான் கணவன், தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து.

பதினான்கு தாளிலும் கடைசிப் படியாக ஒரே வரியை எழுதினாள்: 'ருசி பார்த்து, தேவையான அளவு உப்புப் போடவும்.'

"இது ஒரு சீட்டா?" என்றான் அவன்.

"உங்கம்மாவுக்கு நாக்கு இருக்குல்ல, கேட்டுக்கோங்க."

வெள்ளிக்கிழமை மேலாளர் படிவத்தை நீட்டினாள். 'செல்வதற்குக் குடும்பத்தில் தடை ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி. சென்ற இரண்டு தடவையும் அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தாள். இப்போது ஒரு சின்னக் கோடு போட்டாள். அவ்வளவு பெரிய கட்டத்தில் அது அநாதையாகக் கிடந்தது.

"அப்ப ராத்திரிச் சாப்பாடு?" என்று கேட்டாள் மேலாளர்.

"அவங்களே பாத்துக்குவாங்களாம்."

மேலாளர் எழுந்து கைகொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாரும் வந்து வாழ்த்திவிட்டு, புது ஆலையில் விடுதி எப்படி, ரயில் எத்தனை மணிக்கு, அந்தச் சோதனைக்கூடம் ஆறு மாதத்தில் உருப்படுமா என்றெல்லாம் விசாரித்தார்கள். 'பாவம் அக்கா' என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்துவைத்தாள். அவள் கையாலேயே செய்தது, உப்பெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனாலும் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த உப்புக் குப்பியை எட்டி எடுத்துக்கொண்டாள்.